மூட்டைக்கு இரண்டு கை உப்பு

எங்கள் பக்கத்தில் உப்பு மூட்டை கட்டுவதை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் போகிறவர்கள் மரக்காணம் வந்ததும் வண்டியை ஓரங்கட்டுவார்கள். வெள்ளை வெளேரென்று கிடக்கும் பாத்திகளைப் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மூட்டை கட்டுவது போட்டோவுக்கு ஏற்ற வேலை இல்லை. வாரிக் குவித்து வைத்திருக்கும் அம்பாரத்திலிருந்து உப்பைச் சட்டியில் அள்ளிச் சாக்கில் கொட்டுவார்கள். தராசில் ஏற்றிப் பார்ப்பார்கள். ஐம்பது கிலோ வந்ததும் இறக்குவார்கள். சாக்கின் வாயைத் தைப்பதற்கு முன்னால், இரண்டு கைகளையும் சேர்த்து இரண்டு தடவை உப்பை அள்ளி மேலே போடுவார்கள்.

அந்த இரண்டு கை உப்புக்குக் காசு கிடையாது. உப்பு ஈரத்தோடுதான் இருக்கும். போகிற வழியில் நீர் வடியும். வாங்குகிறவர் தன் இடத்தில் எடை போட்டுப் பார்க்கும்போது குறைந்துவிடக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். இதை யார் ஆரம்பித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஊரில் யாரும் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதும் இல்லை. மூட்டை என்றால் அப்படித்தான் கட்டுவார்கள்.

இந்த இரண்டு கை உப்பில் ஆரம்பித்த விவகாரம், ஒரு பெண்கள் குழுவை அரசாங்கத்தின் கருப்புப் பட்டியலில் கொண்டுபோய் நிறுத்தியது. அதை எழுதித் தீர்க்கும் வரை எனக்குச் சோறு இறங்காது என்கிறார் என் வீட்டுக்காரர். சோறு நன்றாகவே இறங்குகிறது. கோபம்தான் இறங்கவில்லை.

மரக்காணம் பஸ் நிறுத்தத்துக்குக் கொஞ்சம் தள்ளி கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், பட்டா, சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, நீக்குவது, கோட்டக்குப்பத்துக்காரர்களுக்குப் பாஸ்போர்ட் விண்ணப்பம் என்று நாள் ஓடும். அரசாங்கத்தின் எல்லா வாசல்களும் இப்போது என் கடை வழியாகத்தான் திறக்கின்றன. திறக்காதபோது திட்டும் எனக்குத்தான் விழும்.

ஒரு கோடையில் அந்த அக்கா கடைக்கு வந்தார். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரிக்கொண்டிருந்தவர். இவரைப் போன்ற பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு குழு ஆரம்பித்து, சில பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து, தாங்களே உப்பு விளைத்துக்கொண்டிருந்தார்கள். குழுவுக்கு இவர்தான் தலைவி. அன்றைக்குப் பேப்பரில் வந்த ஒரு விளம்பரத்தைக் கிழித்து மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"கண்ணு, இது இன்னான்னு பாரு. உப்பு வேணும்னு போட்டிருக்குதாம். என் பொண்ணு படிச்சு சொன்னா."

பார்த்தேன். ஒரு அரசு மருத்துவமனைக்கு ஒரு வருடத்துக்கு மாதாமாதம் கல் உப்பு சப்ளை செய்ய டெண்டர். எந்த ஊர் மருத்துவமனை என்று இங்கே சொல்லப் போவதில்லை.

"ஆஸ்பத்திரிக்கு எதுக்கு கண்ணு இவ்ளோ உப்பு? கஞ்சிக்கா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.

கஞ்சிக்கு இல்லை. மருத்துவமனையில் உப்புத்தண்ணீரை நல்ல தண்ணீராக்கும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. துணி துவைக்க, பாய்லருக்கு, சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தம் சுத்தம் செய்யும் பிரிவுக்கு எல்லாம் அந்தத் தண்ணீர்தான். அந்த இயந்திரத்தைக் கழுவ மூட்டை மூட்டையாகக் கல் உப்பு வேண்டும். தண்ணீரில் இருக்கும் உப்பை எடுக்கிற இயந்திரத்துக்கு நாம் உப்பு வாங்கிப் போட வேண்டும் என்று நான் சொன்னதும், அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்திருப்பார்.

ஆனால் ஒரு சொல்லை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டார். மாதாமாதம். "மழ மாசத்துலயும் வாங்குவாங்களா?" என்று மூன்று முறை கேட்டார். அது ஏன் என்று எனக்குத் தெரியும். ஐப்பசி பிறந்துவிட்டால் உப்பளம் குளமாகிவிடும். தை வரைக்கும் யாருக்கும் வேலை இல்லை. ஒவ்வொரு மழைக்காலமும் அக்கா கோட்டக்குப்பத்தில் ஒரு வீட்டில் தங்கி வேலை செய்யப் போய்விடுவார். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போவார். மகள் அந்த வருடம்தான் பிளஸ் ஒன் சேரவிருந்தாள்.

"வயசுப் பொண்ணு கண்ணு. அடுத்தவங்க ஊட்ல உட்டுட்டு அங்க போய்ப் பாத்திரம் கழுவினா, கை கழுவும், மனசு இங்கியே கெடக்கும். இந்த மழைக்காச்சும் ஊர்ல இருக்கணும்."

மழைக்காலத்தில் ஊரில் இருக்க வேண்டும். அவர் அரசாங்கத்திடம் எதிர்பார்த்தது இதை மட்டும்தான். கோடையில் விளைகிற உப்பை அம்பாரம் போட்டு, கீற்றால் மூடி வைத்துக்கொண்டு, மழையில் மாதாமாதம் மூட்டை கட்டி அனுப்பினால் எல்லோருக்கும் அங்கேயே கூலி கிடைக்கும். பாத்திகளும் கையை விட்டுப் போகாது.

டெண்டர் போடுவது என்றால் என்ன என்று அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அரசாங்கம் எதை வாங்கினாலும் ஒளிவுமறைவு இல்லாமல் வாங்க வேண்டும் என்று நம் மாநிலத்தில் சட்டமே இருக்கிறது. நல்ல சட்டம். விளம்பரம் கொடுக்க வேண்டும், எல்லோருக்கும் ஒரே நிபந்தனைதான் இருக்க வேண்டும், குறைந்த விலை சொன்னவருக்குத்தான் கொடுக்க வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். அதைப் படித்தபோது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. பிறகு நிபந்தனைகளைத் திறந்தேன். தகுதிக்கு ஒரு கவர், விலைக்கு ஒரு கவர். கவர் என்றால் காகித உறை இல்லை, எல்லாம் இணையதளத்தில்தான். அதற்கு டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். அதற்கு பான் கார்டு, அதற்கு ஆதாரில் இருக்கும் அதே பெயர். அக்காவின் பெயர் ஆதாரில் ஒரு மாதிரியும் வங்கியில் ஒரு மாதிரியும் இருந்தது. அதைச் சரிசெய்யவே பாதி கோடை போனது. கடைசித் தேதியைத் தள்ளிவைத்து ஒரு அறிவிப்பு வந்திருக்காவிட்டால் எங்கள் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

ஒருவழியாகப் போட்டோம். விலைக் கவரைத் திறந்த அன்று என் கடையில் குழுவே கூடிவிட்டது. ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் உள்ளே வர முடியாமல் வாசலில் நின்றார்கள். திரையில் முதல் இடத்தில் குழுவின் பெயர் வந்தது. குறைந்த விலை நம்முடையதுதான். நடுவில் வியாபாரி இல்லை, கமிஷன் இல்லை, குறைவாகத்தானே வரும்! யாரோ ஒருத்தி ஓடிப்போய் ஜிலேபி வாங்கிவந்தாள். என் கீபோர்டில் இன்றைக்கும் ஒரு எழுத்து அழுத்தினால் ஒட்டும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் நான் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். "மூட்டை ஒன்றின் நிகர எடை ஐம்பது கிலோ. அரை கிலோவுக்கு மேல் எடை வேறுபாடு உள்ள மூட்டைகள் நிராகரிக்கப்படும்." எல்லோரும் தலையாட்டினார்கள். எடையில் ஏமாற்றாதே என்கிறார்கள், நியாயம்தானே. நம் ஊரில் யார் எடையில் ஏமாற்றியிருக்கிறார்கள்? கூடுதலாகக் கொடுப்பதும் குற்றம்தான் என்று அங்கே இருந்த ஒருவருக்காவது தோன்ற வேண்டுமே. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அப்படித் தோன்ற வேண்டுமானால் வேறு ஊரில் பிறந்திருக்க வேண்டும்.

முதல் லோடு ஐப்பசியில் போனது. விடியற்காலையிலேயே மூட்டை கட்டி, வாடகை லாரியில் ஏற்றி, தார்ப்பாய் போர்த்தி அனுப்பினோம். பேப்பர் வேலை இருக்கும் என்று நானும் கூடப் போனேன். அக்கா புதுப் புடவை உடுத்தியிருந்தார். உப்பு மூட்டைமேல் உட்கார வேண்டியிருக்கும், கறையாகிவிடும் என்று சொன்னேன், கேட்கவில்லை.

மருத்துவமனையின் ஸ்டோர் அதிகாரி நல்ல மனிதர்தான். அதைச் சொல்லிவிட வேண்டும். எங்களுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தார். ஒரு பைசா கேட்கவில்லை. இந்த விவகாரம் முழுவதிலும் யாருமே லஞ்சம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திட்டுவதற்காவது எனக்கு ஒரு முகம் கிடைத்திருக்கும்.

முதல் மூட்டையை எடை மெஷினில் வைத்தார்கள்.

"ஏம்மா, அம்பத்தி ரெண்டு காட்டுது," என்றார் அதிகாரி.

அக்கா முகம் மலர்ந்துவிட்டது. பாராட்டுகிறார் என்று நினைத்துவிட்டார். "ஆமா சார். மேல ரெண்டு கை போட்டிருக்கோம். வடிஞ்சிடும் இல்ல, அதுக்கு."

"ரெண்டு கையா? அக்ரிமென்ட்ல ரெண்டு கை எங்க இருக்குது?"

"அக்ரிமென்ட்ல இல்ல சார். நாங்களா போடறதுதான். அதுக்கு நீங்க காசு தர வேணாம்."

"காசு வேணாம்னா இன்னும் தப்பும்மா!" என்றார் அவர். உண்மையிலேயே பயந்துபோன குரலில்தான் சொன்னார். "மூட்டைக்கு அம்பதுன்னு நான் ரிஜிஸ்டர்ல ஏத்துவேன். உள்ள அம்பத்தி ரெண்டு இருக்கும். நாளைக்கு ஆடிட்காரன் வந்து, மீதி எங்கிருந்துய்யா வந்துச்சு, எதைக் கொறைச்சு இதைச் சேத்தேன்னு கேட்டா நான் இன்னா சொல்றது? ரெண்டு கைன்னு எழுதறதா?"

அடுத்த மூட்டை, அதற்கடுத்த மூட்டை, எல்லாம் அதே எடைதான். குழுப் பெண்களின் கை அளவு அவ்வளவு சரியாக இருந்தது. அந்த நேரத்தில் அது எங்களுக்கு எந்த உதவியும் செய்யவில்லை.

"இங்கியே பிரிச்சு மேலாப்ல எடுத்துடறோம் சார். ஒரு நிமிஷ வேலை," என்று அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"தைச்ச மூட்டையை வளாகத்துக்குள்ள பிரிக்கக் கூடாதும்மா. எடுத்துட்டுப் போய் சரிபண்ணிக் கொண்டாங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், ஹோட்டல்ல ஒரு கரண்டி சாம்பார் கூட ஊத்தினா யாராவது வேணாம்னு திருப்பி அனுப்புவாங்களா?" என்று கேட்டேன்.

"மேடம், ஹோட்டலுக்கு ஆடிட் கெடையாது," என்றார்.

திரும்பி வரும் வழியில் திண்டிவனம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயில் ஓட்டை இருந்தது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. பின்வரிசை மூட்டைகள் நனைந்து கரைந்து, லாரியின் பின்பலகை வழியாக வெள்ளைத் தண்ணீர் ரோட்டில் ஒழுகிக்கொண்டே வந்தது. அக்கா டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, பக்கக் கண்ணாடியில் அதையே பார்த்துக்கொண்டு வந்தார். நான்தான் ஊர் வரும் வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தேன். யாரைத் திட்டினேன் என்று கேட்காதீர்கள். சட்டத்தைத் திட்டினேன், ஆடிட்டைத் திட்டினேன், தார்ப்பாய் கொடுத்தவனைத் திட்டினேன்.

மறுபடியும் கட்டினோம். இந்த முறை சரியாக ஐம்பது. அன்று அம்பாரத்துக்கு நானும் போயிருந்தேன். ஐம்பது காட்டியதும் சாக்கை இறக்குவார்கள். உடனே யாராவது ஒருத்தியின் இரண்டு கைகளும் தானாக உப்புக்குள் போய்விடும். "ஏய், கைய எடு! ஆடிட்காரன் வர்றான்!" என்று அக்கா கத்துவார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அடுத்த மூட்டையில் அக்காவின் கையே உள்ளே போகும். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. அவ்வளவு நஷ்டத்துக்குப் பிறகும் எப்படிச் சிரிக்கிறார்கள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

லாரி வெள்ளிக்கிழமை மத்தியானம் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தது. அதிகாரி ஏதோ ஆய்வுக் கூட்டத்தில் இருந்தார். மூட்டைகளை ஸ்டோர் வராந்தாவில் இறக்கி வைத்துவிட்டுப் போங்கள், திங்கட்கிழமை எடை பார்க்கிறோம் என்றார்கள். சனி, ஞாயிறு விடுமுறை. நாங்கள் திங்கட்கிழமை போய் நின்றபோது, மூட்டைகளின் கீழே வராந்தா முழுக்கத் தண்ணீர் தேங்கி, வாசல்படி வரை கோடாக ஓடிக் காய்ந்திருந்தது.

எடை நாற்பத்தெட்டரை. சிலது நாற்பத்தெட்டு.

"சார், இதோ பாருங்க, கீழ நிக்குது பாருங்க," என்று அக்கா தரையைக் காட்டினார். குனிந்து விரலால் தொட்டு, நாக்கில் வைத்துக் காட்டினார். "உப்புத்தண்ணிதான் சார். எங்க மூட்டையோடதுதான்."

"தரையை எடை போட முடியாதும்மா," என்றார் அதிகாரி.

அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொல்கிறது. உண்மையில் அவரால் தரையை எடை போட முடியாது. முதல் லோடை அதே வராந்தாவில் இரண்டு நாள் வைத்திருந்தால் மிகச் சரியாக ஐம்பதுக்கு வந்து நின்றிருக்கும். அதற்காகத்தானே அந்த இரண்டு கை! கூடுதலாகக் கொண்டுபோனால் உடனே எடை போடுகிறார்கள், சரியாகக் கொண்டுபோனால் லீவு விட்டுவிடுகிறார்கள். இதை நான் அங்கேயே கத்திச் சொன்னேன். காவலாளி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒரு வாரத்தில் மின்னஞ்சல் வந்தது. குழுவுக்கு என்று தனியாக மின்னஞ்சல் கிடையாது, என் கடை முகவரியைத்தான் கொடுத்திருந்தோம். ஒப்பந்த நிபந்தனைகளைத் தொடர்ந்து மீறியதால் ஆர்டர் ரத்து செய்யப்படுகிறது. கருப்புப் பட்டியலில் ஏன் சேர்க்கக் கூடாது என்று விளக்கம் தர வேண்டும். மருத்துவமனைக்கு உப்பு அவசரம் என்பதால் வேறு இடத்தில் வாங்குகிறோம், அதில் ஏற்படும் கூடுதல் செலவு, ஒப்பந்தத்தின்போது நீங்கள் கட்டிய வைப்புத்தொகையில் கழிக்கப்படும். கடைக்கு வந்த அக்காவுக்கு அதைப் படித்துக் காட்டினேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான். "அப்ப இந்த மழைக்கும் கோட்டக்குப்பம்தானா?"

ஆமாம். அடுத்த வாரமே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மகள் பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்தாள். இருவரும் என் கடைக்கு எதிரேதான் நின்றிருந்தார்கள். நான் ஜெராக்ஸ் மெஷினைச் சரிபார்க்கிற மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

மருத்துவமனைக்கு அவசரமாக உப்பு கொடுத்த வியாபாரியை எனக்குத் தெரியும். அவரும் பில் ஏற்றுவதற்கு என் கடைக்குத்தான் வந்தார். இந்தப் பக்கத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டு, பில்லை நீட்டினார்.

"எங்கண்ணே எடுத்தீங்க உப்பு, இந்த மழையில?" என்று கேட்டேன்.

"எங்க எடுக்கறது? அந்தப் பொம்பளைங்க அம்பாரம்தான் கீத்து போட்டு நல்லா இருந்துச்சு. அவங்களுக்கும் தள்ளணுமே. அங்கியே மூட்டை கட்டி எடுத்துட்டேன்." சிரித்தார். "நல்ல பொம்பளைங்கம்மா. எனக்கும் மேல ரெண்டு கை போட்டுத்தான் கட்டுனாங்க. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல எறக்கி, மூட்டைக்கு மூட்ட அந்த மேலாப்ப எடுத்துட்டு, சரியா அம்பது வச்சி, சுடச்சுட கொண்டு போய் எடை போட்டுக் குடுத்துட்டேன். எடுத்த மேலாப்பையும் தனியா மூட்ட கட்டி அதையும் தள்ளியாச்சு."

அவர்களுடைய உப்பு. அவர்களுடைய இரண்டு கை. அதை அவர்கள் கொடுத்தால் நிராகரிப்பு. இவர் பிடுங்கி எடுத்து விற்றால் சப்ளை. அந்த மூட்டைகளும் இரண்டு நாளில் வடிந்து நாற்பத்தெட்டுக்குப் போயிருக்கும், ஆனால் வாங்கிக்கொண்ட பிறகு யார் எடை போடப் போகிறார்கள்? இவர் கூடுதலாகச் சொன்ன விலையின் வித்தியாசத்தையும் கொடுக்கப் போவது அந்தப் பெண்கள்தான்.

"சர்வர் டவுன்ணே," என்றேன்.

"எப்ப வரும்?"

"இன்னிக்கு வராது. நாளைக்கும் டவுட்டு."

அவர் முனகிக்கொண்டே எழுந்து திண்டிவனத்துக்குப் போனார். எனக்குப் பின்னால் திரையில் சர்வர் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. இந்த விவகாரத்தில் எங்களுக்குக் கிடைத்த ஒரே வெற்றி அதுதான், அதை நான் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

விளக்கக் கடிதத்தை நானே எழுதினேன். திருப்தியாக இல்லை என்று பதில் வந்தது. இரண்டு வருடம் கருப்புப் பட்டியல். மேல்முறையீடு செய்யச் சட்டத்தில் வழி இருக்கிறது, கெடு முடிவதற்குள் செய்ய வேண்டும். இரண்டு நாள் உட்கார்ந்து மனு எழுதினேன். அக்கா "வடிஞ்சிடும்" என்று ஒரு சொல்லில் சொன்னதை அரசாங்கம் மதிக்கிற மாதிரி எழுத வேண்டுமே. கடைசியில் "உப்பின் இயல்பான ஈரப்பத இழப்பு" என்று எழுதினேன். அந்தத் தொடரைக் கண்டுபிடித்ததும் எனக்கே என்மேல் மரியாதை வந்தது. மூட்டைக்கு இரண்டு கிலோ வரை இப்படி இழப்பு ஏற்படும் என்பதை நிபந்தனை கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்று விவரமாக எழுதினேன்.

விசாரணைக்குச் சென்னைக்கு வரச் சொன்னார்கள். அக்கா கோட்டக்குப்பத்தில் ஒரு நாள் லீவு கேட்டுக்கொண்டு வந்தார். பெரிய அதிகாரி ஒருவர் எங்களை உட்கார வைத்து, முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். டீ கூட வரவழைத்தார். எல்லாம் கேட்டுவிட்டு, "நியாயம்தாம்மா," என்றார். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"ஆனா கண்டிஷன் பார்த்துதானே கையெழுத்து போட்டிருக்கீங்க? போட்டப்புறம் அது தப்புன்னு சொன்னா, தோத்துப் போனவங்க எல்லாம் எங்களுக்கும் இதே மாதிரி சலுகை காட்டியிருக்கணும்னு கேப்பாங்க. எல்லாருக்கும் ஒரே ரூல்தானே." என் மனுவில் ஒரு வரியின் கீழே பேனாவால் கோடு போட்டார். "நீங்க சொன்ன பாயின்ட் நல்ல பாயின்ட். அடுத்த டெண்டர்ல இதைச் சரிபண்ணச் சொல்றேன்."

சொன்னபடியே செய்தார். செய்யாமல் இருந்திருந்தால், பொய் சொன்னான் என்று மனதுக்குள் ஒரு மூலையில் போட்டுவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன்.

அடுத்த வருட டெண்டர் விளம்பரம் வந்ததும் நிபந்தனைகளைத் திறந்து பார்த்தேன். எடைக்கான பத்தியில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது. "உப்பின் இயல்பான ஈரப்பத இழப்பைக் கருத்தில் கொண்டு, மூட்டை ஒன்றுக்கு இரண்டு கிலோ வரை எடைக் குறைவு ஏற்றுக்கொள்ளப்படும். கூடுதல் எடை ஏற்றுக்கொள்ளப்படாது." என் தொடர்தான். இரண்டு நாள் தேடிக் கண்டுபிடித்த அதே தொடர், ஒரு எழுத்து மாறாமல். இந்த டெண்டரில் கலந்துகொள்ள முடியாதவர்கள் யார் யார் என்ற பட்டியலும் அதே இணையதளத்தில் இருந்தது. அதில் குழுவின் பெயரும், தலைவி என்று அக்காவின் பெயரும். ஆதாரில் எவ்வளவு பாடுபட்டுத் திருத்தினோமோ அதே எழுத்தில் இருந்தது.

அன்றைக்குக் கடையைப் பாதியில் மூடிவிட்டேன். யாருக்குச் சான்றிதழ் வேண்டுமோ நாளைக்கு வரட்டும் என்று ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன். என்னம்மா உடம்பு சரியில்லையா என்று கேட்ட என் வீட்டுக்காரருக்குப் பாவம், அன்றைக்கு நிறையத் திட்டு விழுந்தது.

டெண்டர் அந்த வியாபாரிக்குப் போனது. குழுவின் கையில் அதற்குள் பாத்திகள் இல்லை. வைப்புத்தொகையும் போய், இரண்டு லோடு லாரி வாடகையும் போய், குத்தகை கட்ட வழியில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வியாபாரி அனுமந்தை போகிற வழியில் தகரக் கொட்டகை ஒன்று போட்டார். கோடையிலேயே உப்பை வாங்கி நிரப்பிக்கொண்டார். மழை ஆரம்பித்ததும் மூட்டை கட்ட ஆள் எடுத்தார். மூட்டை கட்டத் தெரிந்தவர்கள் என்று யார் இருக்கிறார்கள், இவர்கள்தானே?

கார்த்திகையில் ஒரு நாள் மழை விட்டிருந்த நேரத்தில் நான் ஸ்கூட்டரில் அந்தப் பக்கம் போனேன். கொட்டகைக்குள் அக்காவைப் பார்த்ததும் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனேன். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, சட்டியில் அள்ளிச் சாக்கில் கொட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"பாத்தியா கண்ணு, இந்த மழைக்கு ஊர்லயே இருக்கேன். பொண்ணு காலைல எங்கையால சாப்டுட்டுத்தான் பள்ளிக்கூடம் போவுது."

சந்தோஷமாகத்தான் சொன்னார். அவர் பக்கத்தில் புது எலக்ட்ரானிக் தராசு இருந்தது. சாக்கை ஏற்றினார். நாற்பத்தெட்டு காட்டியதும் இறக்கினார்.

"நாப்பத்தெட்டுதான் காட்டுதுக்கா," என்றேன்.

"தெரியும் கண்ணு. நாப்பத்தெட்டுலயே நிறுத்தச் சொல்லியிருக்காரு. ரூல்லயே அப்டித்தான் இருக்குதாமே."

அந்த ரூலை எழுதியது யார் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், எவ்வளவு நல்லா எழுதியிருக்கே கண்ணு என்று பாராட்டினாலும் பாராட்டியிருப்பார். அதை என்னால் தாங்கியிருக்க முடியாது.

அடுத்த சாக்கை ஏற்றி, நாற்பத்தெட்டில் இறக்கி, ஊசியைக் கையில் எடுத்தவர், ஊசியை வாயில் கவ்விக்கொண்டு சட்டென்று அம்பாரத்தின் பக்கம் திரும்பினார். இரண்டு கைகளும் சேர்ந்து உப்புக்குள் போய், நிறைய அள்ளிக்கொண்டு மேலே வந்தன. சாக்கின் வாய்க்கு நேராக வந்ததும் அப்படியே நின்றார். பிறகு கைகளைத் திரும்பக் கொண்டுபோய் அம்பாரத்திலேயே விரித்துக் கொட்டிவிட்டு, புடவையில் துடைத்துக்கொண்டார்.

"கை அது பாட்டுக்குப் போவுது கண்ணு," என்றார் ஊசியை வாயிலிருந்து எடுத்து. "போவப் போவப் பழகிடும்."

சாக்கின் வாயை இழுத்துப் பிடித்துத் தைக்க ஆரம்பித்தார்.